கொசுறாகப் போன மூச்சு

கடைக்கு வந்த அந்த அம்மாவுக்குக் கயிறும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். வலது மணிக்கட்டில் அழுக்கேறிய பட்டைத்துணி சுற்றியிருந்தது. கொக்கிகள் தொங்கும் பலகையை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், மேளம் அடித்துப் பாடுகிற அந்த அம்மாவின் தம்பி நீங்கள்தானே என்று கேட்டார்.

நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அக்காவின் ரசிகர்கள் இப்படி எப்போதாவது தேடி வருவார்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்து, அக்கா எந்தெந்த ஊர் மேடையில் பாடினாள், எந்தெந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனில் பாடினாள் என்று அளந்துவிட்டு, போகிறபோது ஒரு பூட்டையும் தலையில் கட்டி அனுப்புவது என் வழக்கம். அந்த அம்மா நாற்காலியில் உட்காரவில்லை.

"உங்கக்காகிட்ட ஒண்ணு சொல்லுங்க," என்றார். "எங்கள மூச்சு விட விடச் சொல்லுங்க."

புரியவில்லை என்றேன். அவர் பொறுமையாகவே விளக்கினார், கடனுக்குச் சாமான் கேட்க வந்தவருக்கு நான் விளக்குவது மாதிரி. ஊர் எல்லையில் புதிதாக வந்திருக்கிற பெரிய கிடங்கில் அவருக்கு வேலை. முந்நூறு பெண்கள். பெல்ட்டில் வருகிற பெட்டிகளைத் தூக்கி, ஊர் பார்த்து, கூண்டில் போட வேண்டும். இரண்டு மாதமாக மேலே இருக்கிற ஸ்பீக்கரில் அக்காவின் குரல். காலையில் ஒரு வேகம். சாப்பாட்டுக்குப் பிறகு பெல்ட்டும் வேகமாகும், பாட்டும் வேகமாகும். ஒரே பாட்டு, எட்டு மணி நேரம். கை அந்தப் பாட்டுக்குப் பழகிவிட்டதாம். வீட்டில் பாத்திரம் தேய்த்தாலும் அந்த வேகம்தான் வருகிறதாம்.

"காலைல உங்கக்கா நடக்கிறாங்க, மத்தியானம் ஓடுறாங்க," என்றார். "அவங்களுக்கென்ன, ஓடலாம். எங்களால முடியல."

போய்விட்டார். நான் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் குரல் அங்கே எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியும். அதை அங்கே அனுப்பியவனே நான்தான்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடம் துறைமுகக் கிடங்கில் மூட்டை தைத்தவள். அங்கே சுமை தூக்குகிறவர்கள் பாடும் பாட்டுகளைக் காதில் வாங்கி, ஒரு தோல் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். கூலி கேட்டு உட்கார்ந்த இடத்தில் பாடினாள், வேலையை விட்டுத் துரத்தினார்கள். துரத்தியதைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினாள், அது கடல் தாண்டிப் போயிற்று. அதற்குப் பிறகு பெரிய மேடைகள் கூப்பிட்டன. போவாள், பாடுவாள், திரும்பி வந்து ஏதாவது ஒரு தொழிற்சாலை வாசலில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்துவிடுவாள். ரெண்டில் எதையாவது ஒன்றை விடு என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். ரெண்டும் ஒன்றுதான் என்று அவள் சொன்னது யாருக்கும் புரியவில்லை. எனக்குந்தான்.

அவளுடைய பாட்டுகளில் பேர்போனது மூட்டைப் பாட்டு.

ஏறுது ஏறுது, மூட்டை ஏறுது
யாரு மூட்டை? தெரியாது
ஏறுது ஏறுது, விலையும் ஏறுது
யாருக்கு லாபம்? தெரியாதா?

கேள்வியை முன்னால் போகிறவர் கேட்பார், பதிலை வரிசை சொல்லும். இந்த நாலு வரி முடிந்ததும் 'இறக்கி வச்சேன்' என்று ஒரு நீண்ட இழுப்பு வரும். அந்த இழுப்பில் எல்லோரும் மூட்டையை இறக்கி மூச்சு வாங்குவார்கள். எவ்வளவு நேரம் இழுப்பது என்பதற்குப் பாட்டில் கணக்குக் கிடையாது. முன்னால் போகிறவர் திரும்பி வரிசையின் கடைசி ஆளைப் பார்ப்பார். எப்போதும் வயதானவரோ, உடம்பு முடியாதவரோதான் கடைசியில் நிற்பார். அவர் கையைத் தூக்கினால்தான் அடுத்த அடி. இந்தப் பாட்டுக்கு முதலாளி அந்தக் கடைசி ஆள்தான் என்பாள் அக்கா.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ரெக்கார்டிங் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். அக்கா அவருக்குத் தலையாட்டி என்று பேர் வைத்துவிட்டு, பேச்சை என்னிடம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். காகிதம், கையெழுத்து இதெல்லாம் என் பாடு. தலையாட்டி பன்னிரண்டு பாட்டு கேட்டார். நான் ஏழு என்றேன். ஐந்து நாள் பதிவு என்றார். மூன்று என்றேன். அக்காவின் தொண்டையைப் பற்றி, அவளுடைய மேளத்தின் தோலைப் பற்றி, வெளியூர் மேடைகள் கியூவில் நிற்பதைப் பற்றி வாய் கிழியப் பேசினேன். அவர் ஏழுக்கும் மூன்றுக்கும் இறங்கி வந்தார். வந்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது. அதுதான் எங்கள் கடைப் பழக்கம். பேரத்தில் ஜெயித்த பிறகு, தோற்றவர் முகம் வாடிப் போகக் கூடாது என்று கொசுறாக எதையாவது கொடுப்போம். சங்கிலி வாங்கினால் ரெண்டு வளையம், கயிறு வாங்கினால் ஒரு முழம் கூட. தலையாட்டி காகிதத்தின் அடியில் ஒரு வரியைக் காட்டி, பதிவை எந்த வடிவத்திலும் வெட்டலாம் ஒட்டலாம், யாருக்கும் கொடுக்கலாம், இது ஒரு சம்பிரதாயம் சார் என்றார். நான் கையை வீசி, வச்சுக்கங்க சார், கொசுறு என்றேன்.

அவர் அப்போதும் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலைப் பார்த்து எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். பன்னிரண்டும் ஐந்தும் அவருக்கு வேண்டியதே இல்லை. அந்த ஒரு வரியை என்னிடம் இலவசமாக வாங்கத்தான் மனுஷன் அவ்வளவு நேரம் தோற்றுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். அந்த அம்மா வந்ததை முதலில் சொன்னேன், கொசுறு விஷயத்தை முடிந்தவரை மென்று முழுங்கிச் சொன்னேன். அவள் கத்தவில்லை. மறுநாள் மத்தியானம் என்னையும் இழுத்துக்கொண்டு கிடங்கின் பின்பக்கத்துக்குப் போனாள். லாரிகள் நிற்கிற இடத்தில் ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

ஏறுது ஏறுது. ஏறுது ஏறுது. ஏறுது ஏறுது.

அவ்வளவுதான். யாரு மூட்டை என்பது இல்லை. யாருக்கு லாபம் என்பது இல்லை. இழுப்பு இல்லவே இல்லை. வெட்டி எறிந்துவிட்டு முனையோடு முனையை ஒட்டிவிட்டிருந்தார்கள், எங்கே ஒட்டினார்கள் என்று தேடினாலும் தெரியாதபடி. வேகத்தைக் கூட்டியதில் குரல் கொஞ்சம் மெலிந்து, சின்னப் பெண்ணின் குரல் மாதிரி உற்சாகமாக வேறு இருந்தது. நான் எத்தனையோ கலப்படம் பார்த்தவன். இப்படி ஒரு கலப்படம் பார்த்ததில்லை. எதையும் சேர்க்காமல், மூச்சை மட்டும் எடுத்துவிட்டுச் செய்த கலப்படம்.

ஷிஃப்ட் விட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். அக்கா அவர்களை நோக்கிப் போனாள். எந்த வாசலில் அவளைப் பார்த்தாலும் பெண்கள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வதைத்தான் இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, மகராசி வந்துட்டா, இன்னிக்கு என்னா வேகம் வைக்கப்போற என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனாள். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"ஜெயிலுக்குப் போனப்பகூட எவளும் என்னைப் பார்த்து இப்படி மூஞ்சியத் திருப்பலடா."

வக்கீலிடம் போனோம். அவர் காகிதத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், இந்த வரிக்கு யார் சம்மதித்தது என்று கேட்டார். நான் அவர் மேஜையிலிருந்த காகித எடைக்கல்லை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்குப் போடலாம், நாலைந்து வருடமாகும், அதுவரை பாட்டு ஓடும் என்றார். தலையாட்டியிடம் போனோம். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, கிடங்கு மேலாளரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

மேலாளர் எங்களைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து டீ வரவழைத்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைக் கையை மடித்துவிட்டு, தானும் ஒரு தொழிலாளி என்று இரண்டு முறை சொன்னார். அக்கா விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் ஒரு கனிவு பரவியது. அந்தக் கனிவு எனக்கு நன்றாகத் தெரியும். கடையில் ஒருவர் சரக்கு மட்டம் என்று திட்டினால், வாங்கப் போகிறார் என்று அர்த்தம். மேலாளரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அக்காவின் கோபம் அவருக்குப் பேரத்தின் முதல் விலை.

கலைஞர்களை மதிக்காமல் விட்டது எங்கள் தப்புதான் மேடம் என்றார். கிடங்கின் முதல் ஆண்டு விழா வருகிறது, நீங்களே வந்து நேரில் பாட வேண்டும், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், உங்கள் குரலால் எங்கள் பெண்கள் எவ்வளவு சந்தோஷமாக வேலை செய்கிறார்கள் என்று நீங்களே பார்க்கலாம். விழா முடிந்ததும் ஸ்பீக்கர் விஷயத்தை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

நான் அக்காவின் முட்டியைத் தட்டினேன். எழுந்து போய்விடலாம் என்று அர்த்தம். அவளோ, வருகிறேன், ஆனால் பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டக் கூடாது, வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் பாடுவேன் என்றாள். மேலாளர் எழுந்து நின்றே விட்டார். அருமையான படம் கிடைக்கும் என்றார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, அவர்கள் விளம்பரத்துக்கு நீயே போய் நிற்கப்போகிறாயா என்று. அந்தப் பெண்களுக்கு முழுப் பாட்டையும் பாடிக் காட்ட வேண்டும், காது இருக்கிறவர்கள் கேட்டுக்கொள்வார்கள் என்றாள். இறக்கி வைக்கிற வரி வந்தால் முந்நூறு பேரும் இறக்கி வைப்பார்கள் என்று நம்பினாள். நானும் நம்பினேன். நாங்கள் ரெண்டு பேரும் எவ்வளவு அப்பாவிகள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

விழா அன்று முற்பகல். கூடத்தின் ஒரு முனையில் மேடை போட்டு, பெல்ட்டின் மீது வண்ணக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பெண்கள். ஒவ்வொருத்தி தலைக்கு மேலும் ஒரு சின்னப் பலகை, அதில் எண் ஓடுகிறது. கை தாமதித்தால் எண் சிவப்பாகும். மூன்று சிவப்பு விழுந்தால் அன்றைக்குப் பேர் எழுதிக்கொள்வார்கள். பெல்ட்டின் கடைசி இடத்தில், கடைக்கு வந்த அந்த அம்மா நின்றிருந்தார். அங்கே அவரைப் பெரியக்கா என்று கூப்பிட்டார்கள்.

ஸ்பீக்கரை அணைத்தார்கள். அக்கா மேளத்தைத் தட்டினாள். ஏறுது ஏறுது என்று எடுத்ததுமே முந்நூறு ஜோடிக் கைகளும் ஒரே வேகத்துக்கு வந்தன. பத்திரிகைக்காரர்கள் ஆஹா என்றார்கள். அவள் வேண்டுமென்றே மெதுவாகத்தான் பாடினாள். கைகள் அவளை விட வேகமாக ஓடின.

யாரு மூட்டை என்று கேட்டாள். பதிலில்லை. யாருக்கு லாபம் என்று கேட்டாள். இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். பதில் சொல்ல அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கேட்ட பாட்டில் கேள்வியே கிடையாதே.

பிறகு இழுத்தாள். இறக்கி வச்சேன் என்று கூடம் நிறைய இழுத்தாள், கண் கடைசி இடத்தில் நிற்கிற பெரியக்கா மேல் இருக்க. ஒருத்தியும் இறக்கவில்லை. பெட்டி வந்தது, தூக்கினார்கள், போட்டார்கள். மூச்சு முட்டுகிறவரை இழுத்தாள், நிறுத்தி மறுபடி இழுத்தாள். மூன்றாவது தரம் குரல் பிசிறியது. அவள் தொண்டை மேடையில் பிசிறி நான் கேட்டதில்லை. மேளத்தின் மேல் கையை வைத்து அமுக்கினாள்.

"இந்த இடத்துல இறக்கி வைக்கணும்மா," என்றாள். பாடவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். "பாட்டு அப்படித்தான். இதை வெட்டி எடுத்துட்டாங்க."

பெரியக்கா கையை நிறுத்தாமலே கேட்டார்.

"நாங்க இறக்கி வச்சா பெட்டி நிக்குமா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி. குரலில் கேலி இல்லை, கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். துறைமுகத்தில் பாடுகிறவர் நின்றால் வரிசை நிற்கும். இங்கே முன்னால் போவது பெல்ட். அதற்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாது.

நான் அதுவரை பார்வையாளர் வரிசையில் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, மரியாதையாக நின்றிருந்தேன். பெல்ட்டின் பக்கவாட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சிவப்புக் கயிறு ஒன்று ஓடுவது என் கண்ணில் பட்டது. அந்தக் கயிற்றை நானே விற்றிருக்கிறேன், இந்தக் கிடங்குக்கு இல்லை, வேறு ஆலைகளுக்கு. யாராவது கை மாட்டிக்கொண்டால் இழுத்து எந்திரத்தை நிறுத்துவதற்கான கயிறு. யாராவது வந்து கேட்டால், சாமான் விற்றவன் என்கிற முறையில் சொல்லுவேன்: கை மாட்டியிருந்தது. முந்நூறு ஜோடிக் கை.

இழுத்தேன்.

பெல்ட் ஒரு முனகலோடு நின்றது. தலைக்கு மேல் எல்லாப் பலகையும் ஒரே நேரத்தில் சிவந்தது. எனக்கு அந்தக் கூடத்தின் அமைதி நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் உடனே அதை மேலாளர் கெடுத்தார். அக்காவிடம் பேசவில்லை. நேராக என்னிடம் வந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே, அந்தப் பாட்டு இப்போது எங்களுடையது, அதில் எதைச் சேர்க்கவும் உங்களுக்கு உரிமையில்லை என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, பத்திரிகைக்காரர்களுக்காகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"குடுத்தது பதிவு பண்ணின குரல சார்," என்றேன். "தொண்டையக் குடுக்கல."

அதற்குள் அக்கா இழுக்க ஆரம்பித்துவிட்டாள். இந்த முறை பெட்டி வரவில்லை. முதலில் பெரியக்கா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு பக்கத்தில் இருந்தவள். அப்புறம் தடதடவென்று கூடம் முழுக்க. சிலர் முதுகை நிமிர்த்தினார்கள். ஒருத்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியக்கா பட்டைத்துணியை அவிழ்த்து, மணிக்கட்டை ஊதி, மறுபடி நிதானமாகச் சுற்றினார். கையைத் தூக்க அவருக்கு அவசரமே இல்லை. காவலாளிகள் வந்து எங்களை வெளியே தள்ளிக்கொண்டு போகிற வரை அவர் தூக்கவும் இல்லை.

மொத்தம் நாலு நிமிடம். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்தி அக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கிற படம். பாடகியின் இசையில் மெய்மறந்த ஊழியர்கள் என்று கீழே போட்டிருந்தார்கள். அக்கா அந்தப் பத்திரிகையை நாலாக மடித்து மேளத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள், ஆட்டம் இல்லாமல் நிற்கட்டும் என்று.

பெரியக்காவுக்கு ஒரு வாரம் வேலை இல்லை என்றார்கள். இன்னும் பதினெட்டுப் பேருக்கு எச்சரிக்கைக் கடிதம். எங்களுக்கு வக்கீல் நோட்டீஸ். பாட்டு? மறுநாளே ஓட ஆரம்பித்துவிட்டது, அதே வேகத்தில். நான் தினமும் மத்தியானம் ஷட்டர் பக்கம் போய்க் கேட்டுவிட்டு வந்தேன், புண்ணை நோண்டிப் பார்க்கிறவன் மாதிரி. தலையாட்டிக்கு நாலு முறை போன் செய்தேன். எடுத்து, எல்லாவற்றையும் கேட்டார். தலையை ஆட்டியிருப்பார்.

ஆறாவது நாள் பெரியக்கா கடைக்கு வந்தார். அக்காவும் கடையில்தான் இருந்தாள். இந்த முறை பெரியக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். கிடங்கு வாசலுக்கு எதிரே சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் நாளைக்குக் கூட்டம் என்றார். மணிக்கு ஒரு தரம் பெல்ட் நாலு நிமிடம் நிற்க வேண்டும், அதுதான் கோரிக்கை, ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலை நிறுத்தம். இருநூறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாலு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது என்றார்.

அக்கா எழுந்துவிட்டாள். மேளத்தின் தோலைச் சூடு காட்ட வேண்டும், எத்தனை மணிக்கு வரட்டும் என்றாள். அவள் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

பெரியக்கா தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. கண்டிப்பா வரணும். ஆனா பாட வேணாம்."

அக்கா மறுபடி உட்கார்ந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல கோவம் இல்ல, அன்னிக்கே போயிடுச்சு. உங்க குரல் கேட்டா எங்க கை தானா ஓட ஆரம்பிச்சிடுது. வீட்ல ரேடியோல வந்தாலே நெஞ்சு படபடங்குது. நாளைக்கு எல்லாரும் நிதானமா யோசிக்கணும்."

பாட்டை எடுத்தார்கள், வரியை வெட்டினார்கள், அதற்கெல்லாம் வழக்குப் போடலாம். இதற்கு எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது? இருபது வருடம் யாருக்காகத் தொண்டை கிழியப் பாடினாளோ, அவர்கள் காதிலேயே அந்தக் குரலைச் சாட்டையாக்கி வைத்துவிட்டார்கள். நான் அதற்குக் கொசுறு என்று பேர் வைத்துத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பேச விடவில்லை.

"சரி," என்றாள். "ஜமக்காளம் நான் கொண்டாறேன்."

கூட்டத்துக்கு நானும் போனேன். இருநூறு இல்லை, இருநூற்று நாற்பது பேர். அக்கா கொட்டகையில் ஜமக்காளம் விரித்தாள், தண்ணீர் டம்ளர்களை எடுத்துக் கொடுத்தாள், பின்வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மேளம் வீட்டில் இருந்தது. பெரியக்கா பேசி முடித்ததும், யாரோ ஒரு பெண், கட்டைக் குரல்காரி, சுருதியும் கிடையாது தாளமும் கிடையாது, எழுந்து விழாவில் கேட்ட முழு மூட்டைப் பாட்டை எடுத்தாள். நடுவில் ஒரு வரியை மறந்து, சிரித்து, தன் சொந்த வரி ஒன்றைப் போட்டு நிரப்பினாள். அது சூப்பர்வைசரின் தொப்பையைப் பற்றியது. கொட்டகை அதிர்ந்தது. யாருக்கு லாபம் என்று அவள் கேட்டபோது இருநூற்று நாற்பது பேரும் பதில் சொன்னார்கள்.

பின்வரிசையில் அக்காவும் சொன்னாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உதடு மட்டும் அசைந்தது.